கேம் சொத்தை வேறு நெட்வொர்க்குக்கு ‘மாற்றினால்’ உண்மையில் எது மாறுகிறது? ரோனின் பாலத்தில் நடந்த கதை

2022 மார்ச் 29. ‘ஆக்ஸி இன்ஃபினிட்டி’ என்ற பிளாக்செயின் கேம் இயங்கும் ரோனின் நெட்வொர்க்கிலிருந்து ஒரு பயனர் 5,000 ஈதரை வெளியே எடுக்கப் பார்த்தார். முடியவில்லை. அந்தப் புகார் வந்த பிறகுதான் கேமை நடத்தும் ஸ்கை மேவிஸ் நிறுவனம் கஜானாவைத் திறந்து பார்த்தது. 1,73,600 ஈதரும், 2.55 கோடி யுஎஸ்டிசி டோக்கன்களும் காணவில்லை. செய்தி வெளியான நாளின் மதிப்பில் 60 கோடி டாலருக்கும் மேல். ரூபாயில் சுமார் 4,700 கோடி.

திருட்டு அன்று நடந்ததல்ல. மார்ச் 23-ம் தேதியே எல்லாம் போய்விட்டது. இடைப்பட்ட ஆறு நாட்களும் லட்சக்கணக்கானோர் வழக்கம்போல கேம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் வாலட்டில் பேலன்ஸ் துளியும் குறையாமல் அப்படியே தெரிந்தது.

பணம் போன பிறகும் பேலன்ஸ் எப்படி அப்படியே இருக்கும்? ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு கேம் சொத்துகளைக் கொண்டுபோவது என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வியே போதும்.

எதுவும் நகர்வதில்லை

பிளாக்செயின் என்பது அடிப்படையில் ஒரு கணக்குப் புத்தகம். எத்தீரியம் ஒரு புத்தகம், ரோனின் இன்னொரு புத்தகம், பாலிகான், சொலானா எல்லாம் வேறு வேறு புத்தகங்கள். ஒன்றில் என்ன எழுதியிருக்கிறது என்பது மற்றொன்றுக்குத் தெரியாது. ஸ்டேட் பேங்க்கிலிருந்து இந்தியன் பேங்க்குக்குப் பணம் அனுப்பினால் நடுவில் ரிசர்வ் வங்கி இருந்து இரண்டு பக்கக் கணக்கையும் நேர் செய்கிறது. எத்தீரியத்துக்கும் ரோனினுக்கும் நடுவில் அப்படி ஒரு ரிசர்வ் வங்கி கிடையாது.

அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் ‘பிரிட்ஜ்’ எனப்படும் பாலம். பெயர்தான் பாலம். வேலை என்னவோ நெல் கிடங்கு மாதிரி. நெல் மூட்டையைக் கிடங்கில் இறக்கிவிட்டு விவசாயி ரசீது வாங்கிக்கொள்கிறார். அந்த ரசீதை வைத்துக் கடன் வாங்கலாம், இன்னொருவருக்குக் கைமாற்றலாம். மூட்டை கிடங்கை விட்டு நகர்வதில்லை. ரசீதை யார் திருப்பிக் கொண்டுவருகிறாரோ அவருக்கு மூட்டை.

பாலத்திலும் இதே கதைதான். உங்கள் ஈதரை எத்தீரியம் பக்கத்தில் உள்ள ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டில் பூட்டுகிறீர்கள். ‘இவர் இவ்வளவு பூட்டியிருக்கிறார்’ என்று பாலத்தை நடத்துபவர்கள் ரோனின் பக்கத்தில் சாட்சி சொல்கிறார்கள். அங்கே அதே அளவுக்குப் புது டோக்கன் அச்சடிக்கப்பட்டு உங்கள் வாலட்டுக்கு வருகிறது. திரும்பும்போது அந்தப் புது டோக்கன் அழிக்கப்பட்டு, இந்தப் பக்கம் பூட்டு திறக்கப்படும்.

ஆக, ரோனினில் வீரர்கள் வைத்திருந்தது ஈதரே அல்ல, ஈதருக்கான ரசீது. கொள்ளை போனது கிடங்கு. ரசீதுகள் அவரவர் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தன. பேலன்ஸ் குறையாமல் காட்டியதன் ரகசியம் இதுதான்.

எத்தீரியத்தை விட்டு ஏன் போனார்கள்?

போகாமல் இருக்கவும் முடியாது. 2017 டிசம்பரில் ‘கிரிப்டோகிட்டீஸ்’ என்ற பூனை வளர்ப்பு விளையாட்டு ஒன்று எத்தீரியத்தையே திணறடித்தது. ஒரு நொடிக்குச் சுமார் 15 பரிவர்த்தனைகளைத்தான் அந்த நெட்வொர்க்கால் அப்போது கையாள முடிந்தது. கூட்டம் கூடினால் ‘கேஸ்’ எனப்படும் கட்டணம் எகிறும். ஒரு குட்டிப் பூனையைக் கைமாற்ற, அந்தப் பூனையின் விலையை விட அதிகக் கட்டணம் என்றால் யார் விளையாடுவார்கள்?

ஆக்ஸிக்கும் அதே தலைவலி. வியட்நாமின் ஹோ சி மின் நகரில் 2018-ல் உருவான இந்த கேமில், ‘ஆக்ஸி’ என்ற குட்டி உயிரினங்கள்தான் வீரரின் படை. ஒவ்வொரு ஆக்ஸியும் ஒரு என்எஃப்டி, அதாவது பிளாக்செயினில் பதிவான தனித்த சொத்து. அப்போது மூன்று ஆக்ஸி கையில் இருந்தால்தான் சண்டைக்குள் நுழைய முடிந்தது. ஜெயித்தால் ‘எஸ்எல்பி’ என்ற டோக்கன் கிடைத்தது, அதை விற்றுக் காசாக்க முடிந்தது.

கொரோனா ஊரடங்கில் இது பிலிப்பைன்ஸில் பிழைப்பாகவே மாறியது. மணிலாவுக்கு வடக்கே உள்ள கபனாட்டுவான் நகரில் வேலை இழந்தவர்கள் போனில் ஆக்ஸி ஆடி வீட்டுச் செலவை ஓட்டிய கதை 2021-ல் ஆவணப்படமாகவே வந்தது. சொந்தமாக மூன்று ஆக்ஸி வாங்க வசதியில்லாதவர்களுக்கு, வசதியுள்ளவர்கள் தங்கள் ஆக்ஸிகளைக் கடனாகக் கொடுத்து வருமானத்தில் பங்கு வாங்கினார்கள். கடன் வாங்கி ஆடுபவருக்குப் பெயர் ‘ஸ்காலர்’. நம்மூர் பாஷையில் சொன்னால் குத்தகைக்கு உழுவது.

தினமும் சில டாலர் சம்பாதிக்கும் ஒருவரால் ஒவ்வொரு அசைவுக்கும் எத்தீரியம் கட்டணம் கட்ட முடியாது. அதனால்தான் 2021-ல் ஸ்கை மேவிஸ் தனக்கென ரோனின் என்ற நெட்வொர்க்கை ஆரம்பித்து, ஆக்ஸிகளை அங்கே குடியேற்றியது. ஆரம்பத்தில் தினமும் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை வரை கட்டணமே கிடையாது. பரிவர்த்தனை நொடிகளில் முடியும். கூட்டம் பிய்த்துக்கொண்டு போனது. அந்த ஆண்டு நவம்பரில் தினசரி வீரர்கள் 25 லட்சத்தைத் தாண்டினார்கள்.

இவ்வளவு வேகமும் மலிவும் எங்கிருந்து வந்தது? சாட்சி சொல்ல ஆயிரக்கணக்கானோர் இருந்தால் தாமதமும் செலவும் கூடும். ரோனினில் அந்த வேலையைச் செய்ய ஒன்பதே பேர்தான் இருந்தார்கள்.

ஒன்பது சாவி, ஐந்து போதும்

இந்த ஒன்பது பேரை ‘வாலிடேட்டர்’ என்பார்கள். கிடங்கின் பூட்டைத் திறக்க ஒன்பதில் ஐந்து கையெழுத்து போதும் என்பது விதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது: ஐந்து வேறு வேறு ஆட்கள் ஒரே நேரத்தில் கெட்டவர்களாக மாற வாய்ப்பு குறைவுதானே?

ஆனால் அந்த ஒன்பதில் நான்கு ஸ்கை மேவிஸ் கையிலேயே இருந்தன. அந்த நிறுவனத்தின் கணினிகளுக்குள் நுழைந்துவிட்டால் நான்கு சாவி ஒரே கொத்தில் கிடைத்துவிடும். நுழைந்தது ஒரு ஊழியர் வழியாக. அவருக்கு ஆசை காட்டி வேறொரு கம்பெனி வேலைக்கு எடுப்பதுபோல் நடித்து, ஆஃபர் லெட்டர் என்று ஒரு பிடிஎஃப் கோப்பை அனுப்பியிருக்கிறார்கள் என்று ‘தி பிளாக்’ இணையதளம் 2022 ஜூலையில் எழுதியது. அவர் அதைத் திறந்தார். கதை முடிந்தது.

ஐந்தாவது சாவி கிடைத்த விதம்தான் இதில் கவனிக்க வேண்டியது. 2021 நவம்பரில் கூட்டம் தாங்காமல், கட்டணமில்லாப் பரிவர்த்தனைகளைச் சமாளிக்க ஸ்கை மேவிஸ் உதவி கேட்டது. ஆக்ஸி டிஏஓ என்ற தனி அமைப்பு, தன் சார்பில் கையெழுத்துப் போட ஸ்கை மேவிஸுக்கு அனுமதி கொடுத்தது. டிசம்பரிலேயே அந்த ஏற்பாடு முடிந்துவிட்டது. அனுமதியை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை. வேலைக்கு வந்தவரிடம் கொடுத்த வீட்டுச் சாவியைத் திருப்பி வாங்க மறந்தது மாதிரி. மூன்று மாதம் கழித்து, உள்ளே புகுந்தவர்கள் அந்தச் சாவியையும் கண்டுபிடித்தார்கள். நான்கும் ஒன்றும் ஐந்து. இரண்டே பரிவர்த்தனைகளில் கிடங்கு காலி.

எந்தக் கணிதப் பூட்டையும் யாரும் உடைக்கவில்லை. பிளாக்செயின் அதன் வேலையைச் சரியாகவே செய்தது. ஐந்து கையெழுத்து வந்தது, பூட்டைத் திறந்தது. 2022 ஏப்ரல் 14-ல், இது வடகொரியாவோடு தொடர்புடைய லாசரஸ் குழுவின் வேலை என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது.

பணம் திரும்பி வந்தது, ஆனால்...

ஸ்கை மேவிஸ் கைவிரிக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பைனான்ஸ் தலைமையில் 15 கோடி டாலர் திரட்டி, தன் சொந்த இருப்பையும் சேர்த்து, 2022 ஜூன் 28-ல் பாலத்தை மறுபடி திறந்தது. பயனர்களுக்குச் சேர வேண்டிய 1,17,600 ஈதரும் 2.55 கோடி யுஎஸ்டிசியும் முழுதாகத் திருப்பி வைக்கப்பட்டன. ஆக்ஸி டிஏஓ கருவூலத்தின் 56,000 ஈதர் மட்டும் உடனே நிரப்பப்படவில்லை.

ஒரு ஈதருக்கு ஒரு ஈதர். கணக்கு சரிதான். ஆனால் திருட்டு வெளியே தெரிந்த நாளில் ஈதர் 3,400 டாலரை ஒட்டி இருந்தது. பாலம் திறந்த நாளில் ஏறக்குறைய 1,200. நடுவில் மூன்று மாதம் பாலம் மூடிக் கிடந்தது. பைனான்ஸ் எக்ஸ்சேஞ்ச் வழியாக ஒரு மாற்றுப் பாதை கிடைத்தது உண்மை. அந்தப் பாதையைப் பயன்படுத்தாதவர்கள் விலை மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு நடுவே எஸ்எல்பி டோக்கன் தன் பங்குக்குத் தனியாக விழுந்துகொண்டிருந்தது. 2021 ஜூலையில் 30 சென்டுக்கு மேல் விற்ற டோக்கன், ஒரு வருடம் கழித்து ஒரு சென்ட்கூடப் பெறவில்லை. அதற்குக் காரணம் ஹேக்கிங் அல்ல, வெட்டி எடுப்பவர்கள் அதிகமாகி வாங்குபவர்கள் குறைந்ததுதான். கபனாட்டுவானின் ஸ்காலருக்கு இரண்டு அடியும் ஒரே வருடத்தில் விழுந்தது.

சரி, ஆக்ஸிகள் என்ன ஆயின?

திருடர்கள் அவற்றைத் தொடவில்லை. ஆக்ஸிகளும், எஸ்எல்பி, ஏஎக்ஸ்எஸ் டோக்கன்களும் ரோனினில் பத்திரமாக இருப்பதாக நிறுவனம் அன்றே சொன்னது. இங்கேதான் கேம் சொத்துகளின் இன்னொரு முகம் தெரிகிறது.

‘உன் வாளை இந்த கேமிலிருந்து அந்த கேமுக்கு எடுத்துப் போகலாம்’ என்பது பிளாக்செயின் கேம்களின் பெரிய விளம்பர வாசகம். பாலத்தில் கடந்து போவது ஒரு எண்ணும், அது யாருக்குச் சொந்தம் என்ற பதிவும் மட்டும்தான். அந்த வாள் எப்படி இருக்கும், எத்தனை அடி அடிக்கும், எந்த அரக்கனைக் கொல்லும் என்பதெல்லாம் பெரும்பாலும் கேம் கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. அடுத்த நெட்வொர்க்கில் அதைப் புரிந்துகொள்ள ஒரு கேம் இல்லையென்றால், உங்கள் கையில் இருப்பது ஒரு படத்தின் முகவரி. ஆக்ஸி மூன்றை எந்த நெட்வொர்க்குக்குத் தூக்கிப் போனாலும், சண்டை போட ஸ்கை மேவிஸின் கதவைத்தான் தட்ட வேண்டும்.

அதனால் நடைமுறையில் கேம் சொத்துகள் இடம்பெயர்வது வீரர் நினைத்ததால் அல்ல, கம்பெனி நினைத்ததால். ‘பிக்சல்ஸ்’ என்ற விவசாய கேம் 2023-ல் பாலிகானை விட்டு ரோனினுக்கு வந்தது அப்படித்தான். இப்படி மொத்தமாக வீடு மாறும்போது, பழைய டோக்கனை அழித்துவிட்டு புது இடத்தில் புதியதைக் கொடுப்பார்கள். அல்லது ஒரு குறிப்பிட்ட நாளின் பட்டியலை எடுத்து, அதில் இருப்பவர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். பூட்டிவைத்த கிடங்கு என்று ஒன்று தொடர்ந்து இருக்காததால், கொள்ளை அபாயம் இதில் குறைவு. ஆனால் கடைசித் தேதியைத் தவறவிட்டவரின் கையில் பழைய நெட்வொர்க்கின் டோக்கன் மிஞ்சும். கேம் அதை அடையாளம் கண்டுகொள்ளாது.

பாலத்தைத் தொடாதவருக்கும் நஷ்டம்

ரோனின் விவகாரம் அடங்கும் முன்பே, 2022 ஜூனில் ஹார்மனி என்ற நெட்வொர்க்கின் ‘ஹொரைசன்’ பாலத்தில் சுமார் 10 கோடி டாலர் போனது. அங்கே ஐந்தில் இரண்டே கையெழுத்து போதுமானதாக இருந்தது. அதையும் லாசரஸ் கணக்கில்தான் எஃப்பிஐ பிறகு எழுதியது.

ஹார்மனியில் அப்போது பிரபலமாக இருந்தது ‘டிஃபை கிங்டம்ஸ்’ கேம். அதில் புழங்கிய யுஎஸ்டிசி, ஈதர் எல்லாம் பாலம் வழியாக வந்த ரசீதுகள். கிடங்கு காலியானதும் ஒரு டாலருக்கு நிற்க வேண்டிய ரசீது சரிந்தது. அந்த கேமில் ஒரு வீரர் தன் வாழ்நாளில் பாலம் பக்கமே போயிருக்காவிட்டாலும், அவர் பெட்டியில் இருந்த ‘டாலர்’ டாலராக இல்லை. அந்த கேம் பிறகு ஹார்மனியை விட்டே கிளம்பிப் போனது.

அந்த வருடம் ஆகஸ்ட் வரை மட்டும் 13 பாலக் கொள்ளைகளில் 200 கோடி டாலர் போனதாகவும், அந்த ஆண்டில் அதுவரை திருடுபோன மொத்த கிரிப்டோவில் இது 69 சதவீதம் என்றும் செயினாலிசிஸ் நிறுவனம் கணக்குச் சொன்னது. திருடர்கள் பாலத்தைக் குறிவைக்க ஆழ்ந்த காரணம் ஒன்றும் வேண்டாம். எல்லோருடைய மூட்டையும் ஒரே கிடங்கில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பாடம் கற்றார்களா?

பாதி. கொள்ளைக்குப் பிறகு ரோனின், தேவையான கையெழுத்துகளை ஐந்திலிருந்து எட்டாக உயர்த்தியது, வாலிடேட்டர்களைக் கூட்டியது, பெரிய தொகைகளுக்கு உச்சவரம்பு வைத்தது. 2024 ஆகஸ்ட் 6-ல் பாலத்தின் மென்பொருளைப் புதுப்பித்தபோது ஒரு மதிப்பு சரியாகப் பதிவாகாமல் போனது. விளைவு, பணம் எடுக்கத் தேவையான குறைந்தபட்ச வாக்கு பூஜ்ஜியம் ஆகிவிட்டது. யாருடைய கையெழுத்தும் இல்லாமல் சுமார் 4,000 ஈதரும் 20 லட்சம் யுஎஸ்டிசியும் வெளியேறின. கிட்டத்தட்ட 1.2 கோடி டாலர்.

இந்த முறை எடுத்தவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், 5 லட்சம் டாலர் சன்மானம் வாங்கிக்கொண்டு. மொத்தக் கிடங்கும் காலியாகாமல் தடுத்தது 2022-க்குப் பிறகு வைத்த உச்சவரம்புதான். அந்த அளவில் கற்ற பாடம் கைகொடுத்தது. அதன் பிறகு, சொந்தமாகப் பாலம் நடத்துவதையே விட்டுவிட்டு, செயின்லிங்க் நிறுவனத்தின் சிசிஐபி என்ற வெளி ஏற்பாட்டுக்கு ரோனின் மாறியது. கிடங்குச் சாவி இன்னொருவரிடம் போயிருக்கிறது. அவர் அனுபவசாலி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சாவி என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

இங்கிருந்து ஆடுபவர்களுக்கு

இந்தியாவில் கேம் டோக்கனும் என்எஃப்டியும் ‘மெய்நிகர் டிஜிட்டல் சொத்து’. லாபத்துக்கு 30 சதவீத வரி, 2022 ஜூலை 1 முதல் 1 சதவீத டிடிஎஸ். ஒரு டோக்கனில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. எஸ்எல்பியில் விட்டதை ஈதரில் பிடித்தாலும், பிடித்ததற்கு முழு வரி. வடகொரிய ஹேக்கர்கள் எல்லாம் நமக்கு ரொம்ப தூரம் என்று நினைக்கவும் வேண்டாம். 2024 ஜூலையில் இந்திய எக்ஸ்சேஞ்ச்சான வசீர்எக்ஸில் சுமார் 23 கோடி டாலர் போனதையும் வடகொரியா கணக்கில்தான் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் 2025 ஜனவரியில் கூட்டாக எழுதின.

பாலத்தில் பட்டனை அழுத்தும் முன் பார்க்க வேண்டியது கட்டணமோ வேகமோ அல்ல. அசல் பூட்டப்படுகிறதா, அழிக்கப்படுகிறதா? பூட்டப்படுகிறது என்றால் எத்தனை பேர் சாவி வைத்திருக்கிறார்கள், அதில் எத்தனை ஒரே கம்பெனியுடையது? உருப்படியான பாலம் என்றால் இது அதன் ஆவணப் பக்கத்தில் இருக்கும். இல்லையென்றால் அதுவே பதில். முகவரியை கூகுள் விளம்பரத்திலிருந்து எடுக்காமல் கேமின் அதிகாரப்பூர்வ பக்கத்திலிருந்து எடுங்கள், அசல் மாதிரியே போலிப் பாலங்கள் இருக்கின்றன. முதலில் சின்னத் தொகை அனுப்பிப் பாருங்கள். போய்ச் சேரும் நெட்வொர்க்கில் கட்டணம் கட்ட அந்த ஊர் டோக்கன் கொஞ்சம் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல், வந்து சேர்ந்த சொத்தை அசைக்க முடியாமல் முழிப்பவர்கள் நிறைய பேர்.

இன்னொன்று. பாலத்தைப் பயன்படுத்தும்போது ‘என் டோக்கன்களை எடுத்துக்கொள்ளலாம்’ என்று உங்கள் வாலட் ஒரு அனுமதி கேட்கும். பலரும் வரம்பில்லாத அனுமதியாகக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். எத்தர்ஸ்கேன் போன்ற தளங்களில் உங்கள் வாலட் யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறது என்று பார்க்கலாம், ரத்தும் செய்யலாம். ஆக்ஸி டிஏஓ 2021 டிசம்பரில் செய்யத் தவறிய அதே வேலை.

2025 ஆகஸ்டில் ரோனின் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. எந்த எத்தீரியத்தின் கட்டணம் தாங்காமல் வெளியேறியதோ, அதன் மேல் அடுக்காக, ‘லேயர் 2’ ஆகத் திரும்பி இணையப்போகிறதாம். கணக்கின் பாதுகாப்புக்கு இனி எத்தீரியத்தையே நம்பலாம் என்பது அவர்கள் வாதம். 2021-ல் ரோனினுக்குக் குடியேறிய ஆக்ஸிகளுக்கு இது இரண்டாவது வீடு மாற்றம். இந்த முறையும் முடிவெடுத்தது அவற்றின் சொந்தக்காரர்கள் அல்ல.